கேற்றடியில் நின்ற பாட்டு

சின்னராசாவைப் பற்றிக் கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் பிறகுதான். மனிதர் நல்லவர், அதிர்ந்து கதைக்கத் தெரியாதவர், ஒரு நாள்கூட என்னை வீதியில் காக்க வைத்ததில்லை. ஆனால் ஒரு சின்ன விஷயத்தில் சொல் கேட்கவில்லை. அந்தச் சின்ன விஷயம் இன்றைக்கு எங்கள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

நான் ஆனந்தராசா. லிங்கநகரிலிருந்து உள்துறைமுகக் கரையில் இருக்கிற கோழித்தீவன ஆலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வான் என்னுடையது. காலையில் கொண்டுபோய் விட்டால் பின்னேரம்வரை ஆலைக் கேற்றுக்கு வெளியே வேப்பமர நிழலில்தான் என் சீவியம். கேற்றடியில் நடக்கிற எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. தப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

சின்னராசா பிறந்தது ஈச்சிலம்பற்றில். வயல் செய்தவர், இடைக்கிடை வலைக்கும் போனவர். இரண்டாயிரத்து ஆறில் சண்டைக்குப் பயந்து சனம் ஊரை விட்டு ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் விழுந்த ஒரு ஷெல் அவருடைய இடக்காதை வாங்கிக்கொண்டது. வலக்காதை விட்டுவைத்தது. ஆனால் சும்மா விடவில்லை, உள்ளே ஓர் இரைச்சலை வைத்துவிட்டுப் போனது. குசினியில் கேத்தல் கொதித்து ஊளையிடுமே, அப்படி என்பார் அவர். சாப்பிடும்போதும் அதுதான், சாமி கும்பிடும்போதும் அதுதான். அடுப்பை நிறுத்தத்தான் ஆளில்லை.

பெரியாஸ்பத்திரியில் காட்டினார்கள். இதற்கு மருந்தில்லை, காதுக்குள் மெல்லிய சத்தம் ஏதாவது போய்க்கொண்டிருந்தால் இரைச்சல் அடங்கும் என்று டொக்டர் சொன்னாராம். மகள் கீர்த்தனி வேலை எடுத்த கையோடு அப்பாவுக்கு ஒரு எம்.பி.திறீ வாங்கிக் கொடுத்தாள். தீப்பெட்டியிலும் சின்னப் பாட்டுப் பெட்டி. திரை கிடையாது. கொலரில் கவ்வி வைக்கலாம். நகமளவு சிப் ஒன்றை உள்ளே செருகினால் நூற்றுக்கணக்கான பாட்டு, முறையில்லாமல் மாறி மாறி வரும். அதைக் காதில் போட்ட அன்றுதான் மனிதர் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அசையாமல் நித்திரை கொண்டாராம். அவருடைய மனிசி பூரணி இதைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்குவா.

அந்தக் காதோடுதான் அவர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். தீவன மூட்டையின் வாயைத் தைக்கிற மெஷினில் நிற்பார். ஆலைக்குள் போன் கொண்டுபோக ஏலாது. துறைமுகக் கரை, கமரா உள்ள எதுவும் கேற்றைத் தாண்டாது. ஆளாளுக்குப் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எம்.பி.திறீயில் கமராவும் இல்லை, சிம்மும் இல்லை. காவலுக்கு நிற்கிற பெடியங்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். வானுக்குள் றுவைஸ் அவரை டீஜே அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். றுவைஸ் ஆலையில் மின்சார வேலை செய்கிறவன், டவுண் பிள்ளை, வாய் சும்மா இருக்காது.

போன மாரியில் அந்தச் சாமான் செத்துப்போனது. பற்றரி ஊதி மூடி பிளந்துவிட்டது. அதற்குப் பிறகு சின்னராசாவைப் பார்க்க எனக்கு அந்தரமாக இருந்தது. வான் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு வருவார். கதைத்தால் வாயைப் பார்ப்பார், சொன்னது விளங்காது. ஒருநாள் தையல் ஊசிக்குக் கீழே விரல் போகப் பார்த்தது, பக்கத்தில் நின்றவர்கள் இழுத்தெடுத்தார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் வீட்டுக்கு அனுப்புவோம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

டவுணில் ஒரு கடை விடாமல் நானே கூட்டிக்கொண்டு போனேன். எல்லா இடத்திலும் ஒரே கதைதான்.

“அதெல்லாம் செய்யிறதையே நிப்பாட்டிட்டாங்கள் அண்ணை. இப்ப ஆர் வாங்கிறது? போனில கேளுங்கோ.”

அடுத்த நாள் வானுக்குள் இதுதான் பட்டிமன்றம்.

“நிப்பாட்டினது சரிதானே” என்றான் றுவைஸ். “ஒரு வேலைக்கு ஒரு சாமான் எண்டா வீடு கொள்ளுமா? எல்லாம் போனுக்குள்ள இரிக்கு.”

“எல்லாத்தையும் ஒண்டுக்க போட்டிட்டு, அந்த ஒண்டைக் கேற்றில வாங்கி வைச்சா மனுசன் என்ன செய்யிறது தம்பி?” என்று கேட்டார் சின்னராசா.

“அது கேற்றிட பிழ. போன்ட பிழயா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். எனக்கும் றுவைஸின் கட்சிதான். கண்டறியாத சாமான், போனது போகட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த மனிதர் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு வருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க ஏலவில்லை.

கிண்ணியாப் பாலத்துக்கு அங்கால றஊப் நானாவின் திருத்தகம் இருக்கிறது. ரேடியோ, டிவி, மின்விசிறி என்று எதைக் கொடுத்தாலும் கழற்றிப் பார்ப்பார். ஒரு பொயா விடுமுறை நாளில் சின்னராசாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். நானா மூலையில் கிடந்த பழஞ்சாமான் சாக்கு ஒன்றைத் தரையில் கொட்டி, நெடுநேரம் கிளறி, நீல நிறத்தில் ஒன்றை எடுத்தார். வன்னிப் பக்கம் பழஞ்சாமான் எடுக்கிற ஆட்கள் கொண்டுவந்த சாக்காம். பற்றரி மாற்றி, துடைத்து, ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் கொழுவினார். பாடியது.

முதலில் ஒரு கோயில் பாட்டு. அடுத்தது யாரோ ஒரு பிள்ளை தானே பாடிப் பதிந்த தேவாரம். பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல். நடுவில் இருமல் வந்துவிட்டது. பிறகு ஒரு சிரிப்பு. பிறகு திரும்பவும் முதலிலிருந்து.

“இத எல்லாம் அழிச்சிட்டு ஒங்கட பாட்டப் போடட்டா?” என்று கேட்டார் நானா.

“வேண்டாம் நானா. அது கிடக்கட்டும். என்ர பாட்டையும் சேர்த்துப் போடுங்கோ.”

எனக்கு விசர் வந்தது. “ஆரோ தெரியாத ஆக்களின்ர குப்பையை நீங்கள் ஏன் அண்ணை காதுக்க காவுறியள்?”

“அந்தப் பிள்ளை இருக்குதோ இல்லையோ தெரியாது. அந்தக் குரல் வேற எங்கயும் இருக்குதோ, அதுவும் தெரியாது. நான் ஏன் அதை அழிப்பான்?”

நானா என்னைப் பார்த்தார். நான் நானாவைப் பார்த்தேன். வேறு ஊராக இருந்தால் இதற்கு ஒரு மறுமொழி சொல்லியிருக்கலாம். காணாமல் போன பிள்ளையின் சட்டையைக்கூடத் தோய்க்காமல் அலுமாரிக்குள் வைத்திருக்கிற சனம் நாங்கள். அழி என்று யார் வாய் திறப்பது? நானா பாட்டுகளை ஏற்றிக் கொடுத்தார். உள்ளே என்னென்ன கிடக்கிறது என்று ஒருவரும் முழுதாகக் கேட்கவில்லை. நானாவின் கொம்பியூட்டரில் தெரிந்தது வெறும் இலக்கங்கள்தான், திரையில்லாத சாமானில் பார்க்கவும் வழியில்லை.

சின்னராசா திரும்பவும் மனிதரானார். கொஞ்சக் காலம்தான்.

ஒரு காலை, வழியில் மான் கூட்டமொன்று றோட்டை மறித்து நின்றது. எங்கள் டவுண் மான்களுக்கு ஹோர்ன் அடித்தால் திரும்பிப் பார்க்கிற பழக்கம் மட்டும்தான். நான் அவற்றைத் திட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த சின்னராசாவின் கை சடாரென்று கொலருக்குப் போய் பொத்தானை அமத்தியது. முகம் வெளிறியிருந்தது. ஆலையில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் இறங்கவில்லை.

“தம்பி, இதுக்க ஒரு பாட்டு இருக்கு.”

“நூறு பாட்டு இருக்குமே.”

“அப்பிடியில்லை. அந்தக் காலத்துப் பாட்டு.”

எந்தக் காலம் என்று நான் கேட்கவில்லை. சண்டைக் காலத்தில் இயக்கப் பெடியள் ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார்களே, அந்தப் பாட்டுகள். மேளம் தொடங்கும்போதே தெருவில் சனம் கூடிவிடும். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் அப்படியொன்றைக் கையில் வைத்திருந்தவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்ற கதை வந்துகொண்டுதான் இருக்கிறது. விசாரிக்கப் போன ஆள் எப்போது வீட்டுக்கு வருவார் என்பது யாருக்கும் தெரியாது.

“எறியுங்கோ அண்ணை. இப்பவே எறியுங்கோ.”

“எறிஞ்சிட்டு? ஊசியில கையைக் குடுக்கவோ?”

“நானாட்டக் குடுத்து அந்த ஒண்டை மட்டும் அழிப்பிப்பம்.”

“அந்த மனுசனை ஏன் இதுக்க இழுப்பான்? சும்மா உதவி செய்தவர்.”

“டவுண் கடையில...”

“கடைப் பொடியன் போட்டுக் கேட்டால்?”

பயந்த மனிதனின் கணக்கு அப்படித்தான். ஒரு இடத்துக்கும் கொண்டுபோக ஏலாத பொருளை ஆலைக் கேற்றுக்குள்ளே தினம் கொண்டுபோய் வந்துகொண்டிருந்தார். கீர்த்தனி மட்டக்களப்பில் வேலை செய்கிறாள், வருகிற விடுமுறைக்கு வரும்போது வேறு சிப்பில் பாட்டு ஏற்றிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் இதை அடுப்பில் போடுவேன், அதுவரை அந்தப் பாட்டு வந்தால் பொத்தானை அமத்தித் தாண்டிவிடுவேன் என்றார். பேய்க்கதை கதைக்காதீர்கள் என்று கத்தினேன். எங்கே கேட்டார்? மற்றக் காதைத்தான் ஷெல் கொண்டுபோய்விட்டதே.

மகள் வருவதற்கு முன்னால் புது அதிகாரி வந்துவிட்டார்.

ஆலையின் பாதுகாப்புக்குப் பொறுப்பாக வந்தவர். சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார், எல்லோரையும் நீங்கள் என்றுதான் சொல்லுவார். சத்தம் போடுகிற அதிகாரி என்றால் எனக்குப் பயமில்லை, சத்தம் போட்டு முடிந்ததும் போய்விடுவான். இவர் மெல்லச் சிரித்துக்கொண்டு ஒவ்வொரு பையையும் தானே திறந்து பார்த்தார். அன்றைக்கு நான் வானை விட்டு இறங்கி, போத்தலில் தண்ணீர் பிடிக்கக் கேற்றடிக் குழாயில் நின்றேன். வரிசையில் சின்னராசாவின் முறை வந்தது.

“என்ன இது?”

“பாட்டு கேக்கிறது, சேர். காதுக்க இரைச்சல். டொக்டர் சொன்னவர்.”

அதிகாரி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இதை இப்போது விற்பதே இல்லையே. படிக்கிற காலத்தில் எனக்கும் ஒன்று இருந்தது. எல்லோரும் விட்டுவிட்டார்கள். நீங்கள் மட்டும் ஏன் வைத்திருக்கிறீர்கள்?”

அவர் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை, ஆசையாகத்தான் கேட்டார். ஊரெல்லாம் கொலரில் கொழுவிக்கொண்டு திரிந்த காலத்தில் இதை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது உலகத்திலேயே இவர் ஒருவரிடம்தான் இருப்பதுபோல் எல்லோருடைய கண்ணும் அதன் மேல்.

“கேட்டுப் பார்ப்போமே” என்று சொல்லி, அறிவித்தல் சொல்வதற்காக மேசையில் வைத்திருந்த ஸ்பீக்கரில் வயரைக் கொழுவினார்.

முருகன் பாட்டு வந்தது. அதிகாரி தலையாட்டினார். கொஞ்சம் கேட்டுவிட்டு அடுத்ததுக்குத் தட்டினார். பழைய சினிமாப் பாட்டு. வரிசையில் நின்ற றுவைஸ் விரலைச் சொடுக்கி, “டீஜே அண்ணன், சத்தத்தக் கூட்டுங்க” என்றான். சனம் சிரித்தது. சின்னராசாவும் சிரிக்கப் பார்த்தார், வாய் கோணியது. நான் குழாயைப் பூட்ட மறந்து நின்றேன், தண்ணீர் காலில் ஓடிக்கொண்டிருந்தது. எது எப்போது வரும் என்று அந்தப் பெட்டிக்கே தெரியாது.

மூன்றாவதாகத் தேவாரம். இருமல். சிரிப்பு. திரும்பவும் முதலிலிருந்து.

“யார் இந்தப் பிள்ளை?”

“தெரியாது, சேர்.”

“உங்கள் பெட்டிக்குள் பாடுகிறாள். உங்களுக்குத் தெரியாதா?”

“பழசா வாங்கினது, சேர்.”

“யாரிடம்?”

“மறந்துபோச்சு, சேர்.”

வரிசையில் சிரிப்பு நின்றுவிட்டது. அதிகாரி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அடுத்ததுக்குத் தட்டினார்.

மேளம் தொடங்கியது.

அந்த வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. கேற்றில் காவலுக்கு நின்ற எங்கள் ஊர்ப் பெடியன் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினான், அது கட்டித்தான் இருந்தது. றுவைஸின் விரல் அந்தரத்தில் நின்றது. அதிகாரி மட்டும் மேளத்துக்கு ஏற்ப மேசையில் விரலால் தட்டிக்கொண்டு, “இது நல்லாயிருக்கு” என்றார். மேளத்தின் மேல் குழல் ஏறியது. ஏறி ஏறி உச்சிக்குப் போய் ஒரு மூச்சு நிற்கும், அதற்குப் பிறகு பாடுகிறவன் வாய் திறப்பான். திறந்தால் முதல் சொல்லே போதும்.

சின்னராசா கையை நீட்டி வயரை இழுத்தார். பெட்டி மேசையிலிருந்து சீமெந்தில் விழுந்தது. எடுக்கப் போகிறவர்போல் ஓர் அடி முன்னால் வைத்தார். ஆலைச் சப்பாத்து, அடி இரும்பு மாதிரி. நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது.

“ஐயோ சேர், கை வழுகிட்டுது.”

கரையில் தானியக் கப்பலின் கிறேன் மட்டும் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. தன் காதுக்கு இருந்த ஒரே மருந்தை அந்த மனிதர் தன் காலாலேயே மிதித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அதிகாரி கோபிக்கவில்லை. கதிரையிலிருந்து எழும்பி வந்து, முழங்காலில் குந்தி, துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கடதாசியில் வைத்தார். கடைசியாக நகத்தால் எதையோ கிளப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிப்.

“இது உடையவில்லை” என்றார். “அதிர்ஷ்டம். பாட்டெல்லாம் இதற்குள்தானே. நீங்கள் இன்னொரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தால் தருகிறேன்.” சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போல், “ஆனால் இப்போது விற்பதில்லையே” என்றார். “போங்கள், வேலைக்கு நேரமாகிறது.”

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒருவரும் வரவில்லை, ஒருவரையும் கூப்பிடவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய அந்தரம் என்று அதற்குள் இருந்து பார்த்தால்தான் தெரியும். சின்னராசா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் நான் போய் றஊப் நானாவுக்குச் சொன்னேன். மனிதர் ஒரு சொல்லும் ஏசவில்லை. “அல்லாஹ் இரிக்கான்” என்றார். அடுத்த முறை போனபோது மூலையில் அந்தச் சாக்கு இல்லை. கீர்த்தனி விடுமுறைக்கு வந்தாள், சொன்னபடி சிப் கொண்டுவந்தாள். செருகிக் கேட்கப் பெட்டி இல்லை. அவர்கள் வீட்டு முன் வீதியில் மோட்டார் சைக்கிள் ஒன்று வேகம் குறைத்தாலும் பூரணி குசினியை விட்டு வெளியே வந்து பார்க்கிறாவாம்.

வானுக்குள் இப்போது பட்டிமன்றம் இல்லை. றுவைஸ் டீஜே என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். ஒருநாள் சின்னராசா தானாகவே கதைத்தார்.

“தம்பி, முந்தி வெறும் இரைச்சல். இப்ப இரைச்சலுக்க அந்தப் பாட்டுக் கேக்குது. மேளம், குழல். ஏறி ஏறிப் போய், அவன் வாய் திறக்க முன்னம் நிண்டிடும். பிறகு திருப்பி முதலில இருந்து.”

“நித்திரை இல்லாட்டி அப்பிடித்தான் அண்ணை.”

“இதைத் தாண்ட ஒரு பொத்தானும் இல்லை” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன திங்கட்கிழமை வானை வழக்கம்போலக் கேற்றடியில் நிறுத்தினேன். அதிகாரி தானே நடந்து வந்து என் கதவில் கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தார். குட் மோர்னிங் சொன்னார். எல்லோரும் இறங்கும்வரை நின்று, ஒவ்வொருவருடைய பாஸையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே முணுமுணுத்தார். விரல் என் கதவில் மேளம் தட்டியது.

அந்த மெட்டுத்தான். அன்றைக்குக் கேட்டது ஆளுக்குப் பிடித்துவிட்டது போலிருக்கு, மனதில் நின்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழல் ஏறுகிற இடம் வந்தது. உச்சி வந்தது. அன்றைக்கு வயரை இழுத்த இடம் வந்தது.

அவர் அங்கே நிற்கவில்லை. ஒரு மூச்சு விட்டு, அடுத்ததற்குள் போனார். பாடுகிறவனின் அடி முழுவதையும், சொல் இல்லாமல், மெட்டுப் பிசகாமல் முணுமுணுத்து முடித்தார். அன்றைக்குக் கேற்றடியில் கேட்காத அடி.

கடைசியாக இறங்க வந்த சின்னராசா என் தோளைத் தொட்டார். அவருக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. காதுக்குள் அவருடைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“சேர் என்னவோ சொல்லுறார் போல கிடக்கு. என்ன தம்பி?”

“ஒண்டுமில்லை அண்ணை. இண்டைக்கு வெயில் கூட எண்டுறார்.”

அவர் தலையாட்டினார். சாப்பாட்டுப் பார்சலை எடுத்துக்கொண்டு இறங்கி, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.